கைமாறும் கிழங்கு

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஃபவுண்டன்ஸ் அபி என்ற பாழடைந்த மடாலயம் இருக்கிறது. அதையொட்டி ஸ்கெல் என்ற சிற்றாறு ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நிலத்தின் சொந்தக்காரராக இருந்த டி கிரே பிரபு, ஆற்றங்கரைச் சரிவில் ஸ்னோடிராப் கிழங்குகளை நடவைத்துத் தன் பெயரையே எழுதினார் என்கிறார்கள். பிப்ரவரி வந்தால் அவர் பெயர் வெள்ளையாகப் பூக்க வேண்டும் என்பது ஆசை. பூ இன்றைக்கும் பூக்கிறது. எழுத்து மட்டும் ஓரம் தடித்து, பக்கத்து எழுத்தோடு சேர்ந்து, சரிவில் பரவிவிட்டது. கல்லில் வெட்டியிருந்தால் நின்றிருக்கும். பிரபு தேர்ந்தெடுத்ததோ நட்ட இடத்தில் நிற்காத ஒரு செடி.

நிற்காது என்றால் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்னோடிராப்பைப் போல மெதுவாக நகரும் தோட்டச்செடிகள் குறைவு. ஆனால் பிரனீஸ் மலையிலிருந்தும், கிரிமியாவிலிருந்தும், துருக்கியின் மேட்டு நிலங்களிலிருந்தும் கிளம்பிய இதன் சொந்தங்கள் இன்று பிரிட்டனின் சர்ச் முற்றங்களிலும் அமெரிக்க வீட்டுத் தோட்டங்களிலும் உட்கார்ந்திருக்கின்றன. விரல் அகலம் விரல் அகலமாக நகரும் செடிக்கு இது எப்படி வாய்த்தது என்பதுதான் கதை.

முதலில் ஆளைப் பார்த்துவிடலாம். ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான செடி. இரண்டு ஒல்லி இலை, ஒரு தண்டு, தலை கவிழ்ந்த ஒரே பூ. வெளியே மூன்று பெரிய வெள்ளை இதழ். உள்ளே மூன்று சிறிய இதழ், அவற்றின் நுனியில் பச்சைக் குறி. வெங்காயமும் பூண்டும் நம் வாசல்களில் பூக்கும் மழை லில்லியும் சேர்ந்த அதே குடும்பம்தான். ஆனால் தின்றால் நஞ்சு. இலை நுனி கெட்டியாக இருப்பதால் குளிரில் இறுகிய மண்ணையும் குத்திக்கொண்டு மேலே வரும். ஜனவரி, பிப்ரவரியில் பூக்கும். மரங்கள் தழைத்து நிழல் விழுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு மே மாதவாக்கில் இலை காய்ந்து மண்ணுக்குள் போய்விடும். வருடத்தில் பாதிக்கு மேல் இப்படி ஒரு செடி அங்கே இருக்கிறது என்பதே வெளியே தெரியாது. தோட்டக்காரர்கள் தெரியாமல் மண்வெட்டியால் கொத்திப் போடுவதும் அதனால்தான்.

கிழங்கு பெருகும் விதம் எளிது. இலை தயாரித்த உணவெல்லாம் கோடைக்கு முன் கிழங்கின் செதில்களுக்குள் இறங்குகிறது. அந்தச் செதில்களின் இடுக்கில் பக்கமொட்டு உண்டாகி, குட்டிக் கிழங்காகத் தடித்து, தாயை ஒட்டியே அடுத்த வருடம் தனியாக இலை விடுகிறது. ஈரம் காக்கும் மண், இலைமக்கு, கோடையில் மர நிழல், இந்த மூன்றும் அமைந்தால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில வருடங்களில் நன்றாகத் தூர் கட்டிவிடும். அதற்கு மேல் இடம் போதாது. நெருக்கடியில் கிழங்குகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மண்ணுக்கு மேலேயே வந்துவிடும், பூ குறையும். மேலே வந்த கிழங்கை மழைநீர் உருட்டும், விலங்குகளின் கால் இடறும், வெள்ளம் வந்தால் அள்ளிக்கொண்டு போய்க் கீழே எங்கேயோ கரையில் ஒதுக்கும். பிரிட்டனில் ஓடைக்கரைகளில் ஸ்னோடிராப் வரிசையாக நிற்பதற்கு இந்த வெள்ளமும் ஒரு காரணம்.

கிழங்கு பிரிந்து வந்த செடிகள் அத்தனையும் ஒரே செடிதான். புதிய செடி என்று ஒன்று பிறக்க வேண்டுமானால் விதை வேண்டும். அங்கேதான் சிக்கல். பூக்கும் மாதமோ பிப்ரவரி. அந்தக் குளிரில் தேனீ வெளியே வருவதே அபூர்வம். வெயில் ஏறி வெப்பம் பத்து டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் வெளியிதழ்கள் விரிகின்றன. அதே வெப்பத்தில்தான் தேனீக்களும் கூட்டை விட்டுக் கிளம்புகின்றன. மகரந்தப்பை நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. பூவை அசைத்தால்தான் தூள் கொட்டும். இந்த நேரக் கணக்கு தவறினால் அந்த வருடம் விதை இல்லை. ஒரு தோட்டம் முழுக்க ஒரே கிழங்கின் வாரிசுகளாக இருந்தால் வெயில் அடித்தும் பெரிதாகப் பயன் இருக்காது. தன் மகரந்தத்தை ஏற்பதில் இது அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை.

விதை பிடித்துவிட்டால் அப்புறம் எறும்பின் பொறுப்பு. பூவுக்கு மேலேயுள்ள பச்சை முடிச்சு சின்னக் காயாகப் பருக்கிறது. பாரம் தாங்காமல் தண்டு மண்ணில் சாய்கிறது. செடி விதையைத் தரைக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு இது. காய் வெடித்ததும் வெளிறிய விதைகள் விழுகின்றன. ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் சதைப்பற்றான ஒரு வால். எறும்புக்குப் பிடித்த கொழுப்பு அதில் இருக்கிறது. எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப் போய், வாலைத் தின்றுவிட்டு, விதையைக் குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிடும். எறும்புக் குப்பை என்றால் உரமுள்ள மண். முளைத்த முதல் வருடம் நூல் போன்ற ஒற்றை இலை. புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள். பூக்க மூன்று வருடமாவது ஆகும், ஐந்தும் ஆகலாம். எறும்பு கடத்தும் தூரமோ சில மீட்டர்.

இந்தக் கணக்கில் போயிருந்தால் இச்செடி எந்தக் காலத்திலும் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியிருக்காது. பொதுவாகத் தோட்டங்களில் காணும் கலாந்தஸ் நிவாலிஸ் என்ற இனத்தின் பூர்வீகம் பிரனீஸ் மலையிலிருந்து இத்தாலி, பால்கன் நாடுகள் வழியாக உக்ரைன் வரை. பிரிட்டன் அதில் சேராது என்பதே பெரும்பாலான தாவரவியலாளர்களின் கருத்து. ஆங்கிலேயர்களில் பலருக்கு இது தெரியாது. தங்கள் மண்ணின் பூ என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

யார் கொண்டுவந்தார்கள்? இத்தாலியத் துறவிகள் என்று ஒரு கதை உண்டு. பிப்ரவரி 2 மாதாவின் சுத்திகரிப்புத் திருநாள், மெழுகுவர்த்தித் திருநாள் என்றும் சொல்வார்கள். அன்றைக்கு வெள்ளையாகப் பூத்து நிற்கும் பூவை மடாலயத்தார் விட்டுவைப்பார்களா? பாழடைந்த மடாலயங்களைச் சுற்றி இது கும்பல் கும்பலாகப் பூப்பதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆவணம் இல்லை. மடாலய இடிபாடுகளில் பூக்கும் எல்லாமே துறவிகள் நட்டதுமில்லை. டி கிரே பிரபுவின் கைவேலையையே நாளைக்கு ஒருவர் துறவி கணக்கில் எழுதிவிடலாம். எழுத்தில் கிடைப்பது 1597. அந்த வருடம் வெளியான ஜான் ஜெரார்டின் மூலிகை நூலில் லண்டன் தோட்டச்செடியாக இது இடம்பெறுகிறது. காட்டில் தானாக வளர்வதாகப் பதிவானது 1778இல். நடுவே 181 வருட இடைவெளி. வேலிக்குள் இருந்த செடி வேலி தாண்ட அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது என்று இதைப் படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தாண்டியதும் பெரும்பாலும் மனிதக் கையால்தான். தோட்டத்தில் களையெடுத்து ஓடையோரம் கொட்டிய குப்பையில் இரண்டு கிழங்கு இருந்தால் போதும். கல்லறைகளில் நட்டார்கள், சர்ச் பாதையோரம் நட்டார்கள், குடிசை வாசலில் நட்டார்கள். குடிசை இடிந்து, கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய், மரம் மூடிப்போன இடத்திலும் பிப்ரவரியில் நேர்கோட்டில் ஸ்னோடிராப் பூப்பதுண்டு. அங்கே ஒரு வீடு இருந்தது, இந்த இடத்தில் அதன் நடைபாதை இருந்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் இந்தப் பயணம் திடீரென்று வேகம் எடுக்கிறது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரிலிருந்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களும் அதிகாரிகளும் அங்கே போர்க்களங்களில் பூத்திருந்த அகல இலை ஸ்னோடிராப்பின் கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கலாந்தஸ் பிளிகேட்டஸ் என்பது அதன் பெயர். குளிராலும் காலராவாலும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்த போரிலிருந்து அவர்கள் எடுத்துவந்தது இது. பிறகு 1874இல் ஹென்றி ஜான் எல்வெஸ் என்ற கிளஸ்டர்ஷயர் நிலப்பிரபு, துருக்கியின் ஸ்மிர்னா நகருக்கு அருகே (இன்றைய இஸ்மிர்) மலையில் பெரிய பூவுள்ள இன்னொரு இனத்தைக் கண்டார். அடுத்த வருடம் கியூ தோட்டத்தின் ஜோசஃப் ஹூக்கர் அதற்கு அவர் பெயரையே வைத்தார். எல்வெஸ் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். வேட்டை, பறவை, மரம், லில்லி என்று உலகம் சுற்றியவர். அவருடைய கோல்ஸ்போர்ன் பண்ணை ஸ்னோடிராப் உலகத்தின் பெரிய சந்திப்பாக மாறியது. தனித்தனி மலைகளில் ஒன்றையொன்று பார்க்காமல் கிடந்த இனங்கள் இங்கே ஒரே பாத்தியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கொண்டது. இன்றைக்குப் பெயரிட்டு வளர்க்கும் பெரிய ரகங்களில் பல இப்படித் தோட்டத்துக்குள் தற்செயலாகக் கலந்து பிறந்தவை.

அவற்றில் ஒன்றின் வழியை மட்டும் பின்தொடர்ந்து போகலாம். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஊரில் சாமுவேல் ஆர்னட் என்ற தோட்ட ஆர்வலர் இருந்தார். அவர் கோல்ஸ்போர்னுக்குச் சில கிழங்குகளை அனுப்பினார். உருண்டு திரண்ட பூ, நிமிர்ந்த தண்டு, இளவெயிலில் தேன் வாசனை. எல்வெஸ் 1922இல் இறந்தார். தோட்டத்தின் கவனிப்பு குறைந்தது. கிழங்குக்கு அது ஒரு குறையாகவே இல்லை, பெருகிக்கொண்டே இருந்தது. அங்கிருந்து அது வால்டர் பட் என்பவர் கைக்குப் போய், சால்ஃபோர்டில் அவர் குடியிருந்த ஹைட் லாட்ஜில் தூர் கட்டியது. பட் வீட்டை விட்டுப் போன பின் அங்கே குடிவந்த மத்தியாஸ் தம்பதியர், குளிர்காலம் வந்ததும் தோட்டம் முழுக்கப் பெரிய ஸ்னோடிராப்கள் கிளம்புவதைப் பார்த்தார்கள். ஜெயண்ட் ஸ்னோடிராப் கம்பெனி என்று பெயர் வைத்து 1950களில் தபால் வழி விற்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு 'எஸ். ஆர்னட்' இல்லாத ஸ்னோடிராப் தோட்டமே இல்லை என்றாகிவிட்டது. உலகில் எங்கே அந்தப் பெயரில் ஒரு கிழங்கு இருந்தாலும் அது டம்ஃப்ரீஸிலிருந்து கிளம்பிய அதே செடியின் துண்டு. அந்தச் செடிக்கு வயது நூற்றுக்கு மேல்.

இந்த வழியில் எறும்பு எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடிதம் வந்தது, தபால் வந்தது, வீடு கைமாறியது.

அடுக்குப் பூவின் கதை இன்னும் விசித்திரம். நிவாலிஸின் அடுக்கு வடிவமான 'ஃப்ளோர் பிளேனோ'வில் பாவாடை மடிப்பு போல உள்ளிதழ்கள் குவிந்திருக்கும். சூலகம் பயனற்றது, விதை கிடையாது. சந்ததி இல்லாத செடி என்று ஒதுக்கப்பட வேண்டியது, பிரிட்டன் முழுக்கக் கம்பளமாகப் பரவியிருக்கிறது. விதைக்குச் செலவழிக்க வேண்டிய சக்தியும் கிழங்குக்கே போவதால் அது அசுர வேகத்தில் குட்டி போடுகிறது. மீதியை மண்வெட்டி செய்கிறது. தாயாக முடியாத அந்தப் பூவில் எப்போதாவது நல்ல மகரந்தம் கிடைக்கும். நார்ஃபோக்கில் ஹெய்ரிக் கிரேட்டோரெக்ஸ் அந்த மகரந்தத்தை எடுத்துக் கிரிமிய இனத்தோடு சேர்த்துப் புதிய அடுக்கு ரகங்களை உண்டாக்கி, ஒஃபீலியா, டெஸ்டிமோனா, ஹிப்போலிட்டா என்று ஷேக்ஸ்பியரின் பெண்களின் பெயரை வைத்தார். பாதி நாயகிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய நிபுணர்களே திணறுகிறார்கள்.

அவருக்கும் முன்னோடி ஷெப்டன் மாலட் ஊரின் ஜேம்ஸ் ஆலன். விக்டோரியா காலத்தில் ஸ்னோடிராப் ராஜா என்று பேர் வாங்கியவர். வேண்டுமென்றே விதை சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களை வளர்த்தார். சாம்பல் பூஞ்சையும், கிழங்கைக் குடையும் நார்சிசஸ் ஈயும் சேர்ந்து அதில் பெரும்பகுதியை அழித்தன. நீண்ட காம்பில் காற்றுக்கு ஆடும் 'மேக்னெட்' போன்ற சிலவே தப்பின. ஒரே தோட்டத்தில் எல்லாக் கிழங்கையும் வைத்திருப்பதில் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் இன்றும் அரிய ரகம் கையில் வந்தால் அடுத்த வருடமே ஒரு குட்டியை நம்பகமான நண்பருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தன்னுடையது செத்தால் திருப்பிக் கேட்கலாம்.

கொடுக்கும் பருவத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு: பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே தூரைக் கிளப்பிப் பிரித்து உடனே நடுவது. கடையில் உலர் கிழங்காக வாங்கியவர்கள் பாதிக்கு மேல் முளைக்கவில்லை என்று புலம்புவது பழைய பாட்டு. வெங்காயத்தோடு ஒப்பிட்டால் காய்ந்த தோல் கவசம் இதற்கு மெலிது. வாரக்கணக்கில் காற்றில் கிடந்தால் உள்ளே வற்றிவிடும். ஆனாலும் பச்சையில் பிடுங்கினால் வேர் அறுபடும், இலை காய்ந்து உறங்கத் தொடங்கும்போது எடுத்து அன்றே நடுவதுதான் மேல் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இந்தச் சண்டைக்கு முடிவில்லை. ஈரம் போகாமல் மாற்றினால் இரண்டு வழியிலும் பிழைக்கிறது.

பொறுமையில்லாதவர்களுக்குக் கத்தி இருக்கிறது. கோடை உறக்கத்திலிருக்கும் கிழங்கைச் சுத்தமான கத்தியால் நெடுக்காக எட்டாகவோ பதினாறாகவோ வெட்டுகிறார்கள். கைதேர்ந்தவர்கள் முப்பத்திரண்டு வரை போவார்கள். ஒவ்வொரு துண்டிலும் வேர் கிளம்பும் அடித்தட்டில் ஒரு சிறு பகுதி ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அது வெறும் செதில்தான். பூஞ்சைக்கொல்லியில் நனைத்து, ஈரமான வெர்மிகுலைட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, இருபது டிகிரி வெப்பத்தில் இருட்டில் வைத்தால் பன்னிரண்டு வாரத்தில் செதில் இடுக்கில் அரிசி அளவுக் குட்டிகள் தலைகாட்டும். பிறகும் பூக்க மூன்று நான்கு வருடம் காக்க வேண்டும். தானாக விட்டால் பத்து வருடத்தில் செய்வதைக் கத்தி ஒரே கோடையில் தொடங்கிவைக்கிறது.

இந்தக் கத்தி இல்லாமல் ஏல விலைகள் புரியாது. 2012இல் 'எலிசபெத் ஹாரிசன்' என்ற ஒற்றைக் கிழங்கு இணைய ஏலத்தில் 725 பவுண்டுக்குப் போனது. வாங்கியது ஒரு விதைக் கம்பெனி. 2015இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' 1,390 பவுண்டு, 2022இல் 'கோல்டன் டியர்ஸ்' 1,850 பவுண்டு. மூன்றிலும் பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். அவ்வளவுதான் வித்தியாசம். பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் கம்பெனிக்காரர் பைத்தியமில்லை. ஒரு கிழங்கை வெட்டிப் பெருக்கி ஆயிரமாக்கி விற்கலாம் என்பது அவர் கணக்கு. பெருகப் பெருக விலை விழும். நூறு வருடத்துக்கு முன் பெரிய தோட்டக்காரர்கள் மட்டும் வைத்திருந்த 'எஸ். ஆர்னட்' இன்று சில பவுண்டுக்குக் கிடைக்கிறது. விலை விழும்வரை திருட்டு உண்டு. பார்வையாளர்களைக் கூட்டும் தோட்டங்கள் அரிய ரகங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கத் தயங்குகின்றன.

இன்னொரு பாதை மருந்துக் கடைக்குப் போகிறது. 1950களில் சோவியத் ஒன்றியத்திலும் பல்கேரியாவிலும் ஸ்னோடிராப் கிழங்கிலிருந்து காலன்டமின் என்ற பொருளைப் பிரித்தார்கள். பல்கேரியாவின் திமிதர் பாஸ்கோவ் அதை நிவாலின் என்ற மருந்தாக்கினார், நரம்பு, தசைக் கோளாறுகளுக்கு. 2001இல் அமெரிக்காவில் அல்ஸைமர் மறதி நோய்க்கு அது அனுமதி பெற்றது. இப்போது அந்த மருந்துக்கு ஸ்னோடிராப்பைத் தோண்டுவதில்லை. டாஃபடில்லிலிருந்தும் செயற்கையாகவும் எடுக்கிறார்கள். மலைக் கிழங்குகள் பிழைத்தன.

அதாவது அந்த ஒரு ஆபத்திலிருந்து. தோட்டக்காரரின் ஆசை அதைவிடப் பெரிய பசி. எல்வெஸ் பெயர் தாங்கிய இனத்தைத் துருக்கி மலைக் கிராமங்களில் கடப்பாரையால் தோண்டி லட்சக்கணக்கில் நெதர்லாந்துக்கு ஏற்றினார்கள். அங்கே பொட்டலம் மாறி, ஹாலந்தில் விளைந்த கிழங்கு போலக் கடைக்கு வந்தது. 1990இல் ஸ்னோடிராப் பேரினம் முழுவதையும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்றாயிற்று. துருக்கியில் தோண்டிக்கொண்டிருந்த கிராமத்தாரையே கிழங்கை வயலில் போட்டு விளைவிக்கப் பழக்கினார்கள். வியாபாரம் நிற்கவில்லை, இடம் பெயர்ந்தது. ஜார்ஜியாவின் கருங்கடல் ஓரமான அட்ஜாரா மலைகளில், பளபளக்கும் பச்சை இலையுள்ள கலாந்தஸ் வோரோனோவை இன்று அதிகம் ஏற்றுமதியாகிறது. ஒரு கட்டத்தில் வருட உச்சவரம்பே ஒன்றரைக் கோடி கிழங்கு. மலைக்காட்டிலிருந்து மட்டுமல்ல, கிராமத்தாரின் கொல்லைகளிலிருந்தும் கைவிட்ட வயல்களிலிருந்தும் அவற்றை எடுக்கிறார்கள். பெரிய கிழங்கை எடுத்துக்கொண்டு சிறியதை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. விதி நடக்கும் வருடத்தில் விட்டுவைத்த குட்டிகள் இடத்தை மறுபடி நிரப்புகின்றன.

ஐரோப்பியப் பல்பொருள் அங்காடியில் சில காசுக்குப் பைபையாகத் தொங்கும் அந்தக் கிழங்கும், 725 பவுண்டுக்கு ஏலம்போன 'எலிசபெத் ஹாரிசனு'ம் ஒரே இனம். ஸ்காட்லாந்துத் தோட்டம் ஒன்றில், சாதாரண வோரோனோவை கூட்டத்துக்கு நடுவே மஞ்சள் சூலகத்தோடு நின்றதை யாரோ குனிந்து பார்த்ததில் கிடைத்தது அது. அதனால் ஸ்னோடிராப் பித்துப் பிடித்தவர்கள் இன்னமும் மலிவுப் பைகளை வாங்கி நட்டு, பிப்ரவரியில் ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.